மாதிரி உயிரி அல்லாதவற்றில் புரத மாற்ற ஆய்வு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எலி, பழ ஈ, ஈஸ்ட், அராபிடாப்சிஸ் செடி போன்ற, ஆய்வகங்களில் நெடுநாளாகப் பயன்படும் ‘மாதிரி உயிரி’களுக்காக எழுதப்பட்ட நெறிமுறையை அப்படியே எடுத்து ஒரு நத்தைக்கோ கடற்பாசிக்கோ காட்டுச் செடிக்கோ பயன்படுத்தும்போது, அது முழுவதுமாகத் தோற்றுவிட்டால் கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் அது அரைகுறையாக வேலை செய்து, பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் முடிவுகளைத் தந்துவிடுவதுதான் சிக்கல். அப்படிக் கிடைக்கும் முடிவுகளில் எதை நம்பலாம், எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பார்ப்பதற்காக, அடிக்கடி எதிர்ப்படும் அறிகுறிகளையும் அவற்றின் காரணங்களையும் சோதிக்கும் வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். தமிழில் ‘மாதிரி’ என்பது ஆய்வுக்கு எடுத்த திசுவையும் குறிக்கும், ‘மாதிரி உயிரி’யையும் குறிக்கும் என்பதால், குழப்பம் வராமலிருக்கத் திசுவைச் ‘சாம்பிள்’ என்றே எழுதுகிறேன். ‘மாற்றம்’ என்று வரும் இடமெல்லாம், புரதம் உருவான பின் அதன் அமினோ அமிலங்களில் ஏறும் பாஸ்பேட், அசெட்டைல், மெத்தில், சர்க்கரை, யூபிக்விடின் போன்றவற்றையே குறிக்கிறது.

அறிகுறி: ஜெல்லில் பட்டைகள் தெளிவாக இல்லை, தடம் முழுவதும் தீற்றலாகவோ பழுப்பாகவோ இருக்கிறது

இது பெரும்பாலும் புரதத்தின் குறையாக இருப்பதில்லை. அதோடு சேர்ந்து வந்தவற்றின் வேலை. செடிகளில் பாலிபீனால்களும், நத்தை போன்ற மெல்லுடலிகளில் கோழையிலுள்ள பல்சர்க்கரைகளும், கடல் உயிரிகளில் உப்பும் ஜெல் ஓட்டத்தைக் கெடுக்கும். பூச்சிகளை அரைத்தவுடன் சாறு கறுக்கத் தொடங்கினால் அது பீனால் ஆக்சிடேஸ் நொதியின் வேலை. அரைக்கும் கரைசலிலேயே பீனைல்தயோயூரியாவைச் சேர்த்துக்கொண்டால் அது அடங்கும். செடித் திசுவுக்குப் பீனாலில் பிரித்தெடுத்து, மெத்தனாலில் கரைத்த அம்மோனியம் அசெட்டேட்டால் புரதத்தை வீழ்படியச் செய்யும் முறை, வேலை கூடினாலும் கைவிடாத முறை.

இந்த இடத்திலேயே புரத அளவையும் சந்தேகிக்க வேண்டும். பிராட்ஃபோர்டு சோதனையைச் சோப்புத்தன்மையுள்ள பொருள்கள் குழப்பும், பி.சி.ஏ. சோதனையை டி.டி.டி. போன்ற ஒடுக்கிகளும் ஒடுக்கும் சர்க்கரைகளும் குழப்பும். செடிச் சாற்றிலுள்ள பீனால்கள் இரண்டையுமே குழப்பும். வீழ்படிவாக்கிச் சுத்தம் செய்த பிறகு ஒரு முறை அளந்து, அதே சாம்பிளைச் சிறிய ஜெல்லில் ஓட்டிக் கண்ணாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. அளவு தவறாக இருந்தால், புரதத்தைப் பெப்டைடுகள் எனும் சிறு துண்டுகளாக வெட்டும் நொதியான டிரிப்சினின் விகிதம் தவறும், வெட்டு முழுமையடையாது, அதன் விளைவு நான்கு நாள் கழித்து வேறொரு அறிகுறியாகத் தலைகாட்டும்.

அறிகுறி: நிறமாலைகள் ஏராளமாக இருக்கின்றன, அடையாளம் கண்ட பெப்டைடுகளோ மிகச் சில

நிறமாலை என்பது, பெப்டைடுகளையும் அவற்றின் துண்டுகளையும் நிறை நிறமாலைமானி எடைபோட்டுத் தரும் பதிவு. முதலில் அந்தக் கருவியில் பிழையில்லை என்று உறுதி செய்யுங்கள். அதே நாளில் ஓட்டிய ஹீலா என்னும் மனிதச் செல் வகையின் தரச் சாம்பிள் வழக்கமான எண்ணிக்கையைத் தந்திருந்தால், கருவியின் மேல் பழி போட இடமில்லை. அடுத்து, நிறமாலைகளை ஒப்பிட்டுத் தேடும் புரத வரிசைத் தரவுத்தளத்தின் உதவியின்றி நிறமாலையிலிருந்தே நேரடியாக வரிசையைப் படிக்கும் ‘டி நோவோ’ மென்பொருள் ஒன்றில் அதே கோப்பைக் கொடுங்கள். அங்கே உயர்ந்த மதிப்பெண்ணுடன் நீண்ட வரிசைகள் நிறையக் கிடைத்து, தேடலில் மட்டும் எதுவும் பொருந்தவில்லையென்றால், பிழை தரவுத்தளத்தில் இருக்கிறது. அங்கும் ஒன்றும் படிக்க முடியவில்லையென்றால் பிழை சாம்பிளில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் முடியும் இந்த ஒரு சோதனை, இரண்டு வார ஊகத்தை மிச்சப்படுத்தும்.

தரவுத்தளம் ஏன் தோற்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உறவுள்ள வேறொரு இனத்தின் புரத வரிசைகளை வைத்துத் தேடுகிறீர்கள், இரண்டு இனங்களுக்கும் இடையே 90 சதவீத ஒற்றுமை இருக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடல் பொருந்துவதற்குப் பெப்டைடின் எல்லா அமினோ அமிலங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். 12 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு மாறாமல் இருக்கும் வாய்ப்பு, வேறுபாடுகள் சமமாகப் பரவியிருந்தால், 0.9-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 28 சதவீதம். ஒற்றுமை 80 சதவீதமாக இறங்கினால் அது 7 சதவீதம்தான். அதனால்தான் ஆக்டின், டியூபுலின், ஹிஸ்டோன், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் போன்ற மாறாத புரதங்கள் மட்டும் பட்டியலில் நிறைந்து, உங்கள் உயிரினத்தை உங்கள் உயிரினமாக்கும் புரதங்கள் காணாமற்போகின்றன.

தீர்வு, அதே இனத்தின், இயன்றால் அதே திசுவின் ஆர்.என்.ஏ. வரிசையிலிருந்து சொந்தமாகத் தரவுத்தளம் கட்டுவதே. டிரினிட்டி போன்ற மென்பொருளில் தொகுத்து, டிரான்ஸ்டிகோடரில் புரதமாக மொழிபெயர்க்கும் வழக்கமான பாதையில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, டிரான்ஸ்டிகோடர் இயல்பாக 100 அமினோ அமிலத்துக்குக் குறைந்த சட்டகங்களை (புரதமாக மொழிபெயர்க்கக்கூடிய பகுதிகளை) தள்ளிவிடும். நஞ்சுப் பெப்டைடுகளையோ நரம்புப் பெப்டைடுகளையோ தேடுபவர் அந்த எல்லையைக் குறைக்காவிட்டால், தேடும் பொருளையே வெளியே எறிந்துவிட்டுத் தேடுவார். இரண்டாவது, மரபுக் குறியீட்டு அட்டவணை. டெட்ராஹைமீனா போன்ற சீலியேட்டுகளில் யு.ஏ.ஏ.வும் யு.ஏ.ஜி.யும் நிறுத்தக் குறி அல்ல, குளூட்டமின்; கேண்டிடா அல்பிக்கன்ஸில் சி.யு.ஜி. லியூசின் அல்ல, செரின், மைக்கோபிளாஸ்மாவில் யு.ஜி.ஏ. டிரிப்டோஃபான். இயல்பு அட்டவணையில் விட்டுவிட்டால் சீலியேட்டின் புரதங்களெல்லாம் துண்டு துண்டாக வரும். மூன்றாவது குழி, தரவுத்தளத்தைச் சுருக்குகிறேன் என்று 95 சதவீத ஒற்றுமையில் வரிசைகளைக் கொத்தாக்கிவிடுவது. அதில் அழிவது மிகைநகல் மட்டுமல்ல. அந்த உயிரினத்தின் உண்மையான மரபணு வேறுபாடுகளும் அழிகின்றன. அதன் விலை என்ன என்பது, கீழே மாற்றங்களைப் பற்றிய பகுதியில் வரும். நூறு சதவீதம் ஒன்றானவற்றை மட்டும் நீக்கி நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். தொகுப்பு எவ்வளவு முழுமை என்பதைப் புஸ்கோ சோதனை சொல்லும்.

மறுபக்கம், பெரிய தரவுத்தளம் நல்லது என்று, இரு திசைகளிலும் மூன்று மூன்று சட்டகங்களாகப் படிக்கும் ஆறு சட்டக மொழிபெயர்ப்பு முழுவதையும் கொட்டினால், பிழையை அளக்க வேண்டுமென்றே சேர்க்கும் பொய் வரிசைகளோடு ஒப்பிட்டு 1 சதவீதப் பிழைக்குள் நிற்கத் தேவைப்படும் மதிப்பெண் எல்லை உயர்ந்து, உண்மையான பெப்டைடுகளே வெளியே தள்ளப்படும்.

அறிகுறி: அடையாளம் கண்ட புரதங்கள் பிழைபட்ட உயிரினத்தைச் சேர்ந்தவை

மனிதக் கெரட்டின், டிரிப்சின், மாட்டு அல்புமின் ஆகியவை அடங்கிய மாசுப் பட்டியலை ஒவ்வொரு தேடலிலும் சேருங்கள். அதற்கு மேல், உயிரினத்துக்குள் வாழும் உயிரினங்களையும் எண்ணிப் பாருங்கள்: அசுவினியில் புக்னேரா பாக்டீரியா, பவளத்தில் பாசி, எதிலும் குடலில் கிடந்த உணவு. அவற்றின் வரிசைகள் தரவுத்தளத்தில் இல்லையென்றால், அவற்றின் நிறமாலைகள் அருகிலுள்ள ஏதோ ஒரு பெப்டைடின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுப்பதற்கு முன் குடலை அகற்றுவதும் பட்டினி போடுவதும் மென்பொருளால் செய்ய முடியாத சுத்திகரிப்பு.

அறிகுறி: பாஸ்போ-ஆன்டிபாடி எதையும் காட்டவில்லை, அல்லது எதிர்பாராத இடத்தில் பட்டை காட்டுகிறது

பாஸ்போ-ஆன்டிபாடி என்பது பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி; விற்கப்படுபவற்றில் பெரும்பான்மை, மனித அல்லது எலி வரிசையின் ஒரு சிறு பெப்டைடுக்கு எதிராக வளர்க்கப்பட்டவை. அந்தப் பெப்டைடை உங்கள் உயிரினத்தின் ஒத்த புரதத்தோடு வரிசைப்படுத்திப் பார்க்காமல் ஆன்டிபாடி வாங்குவது சூதாட்டம். செல் சமிக்ஞைப் புரதமான இ.ஆர்.கே.யின் செயலூக்கச் சுழலில் உள்ள திரியோனின்–குளூட்டமிக் அமிலம்–டைரோசின் பகுதி விலங்குகளில் பரவலாக மாறாமல் இருப்பதால் அதற்கான ஆன்டிபாடி பல உயிரினங்களில் வேலை செய்கிறது. ஹிஸ்டோன் எச்-3க்கும் அப்படியே. இன்னொரு சமிக்ஞைப் புரதமான ஏ.கே.டி.யின் 473-ஆம் செரின் என்று மனிதப் புரதத்தில் சொல்லப்படும் இடம், உங்கள் உயிரினத்தில் வேறு எண்ணில் இருக்கலாம், சுற்றியுள்ள அமினோ அமிலங்களும் வேறாக இருக்கலாம்.

பட்டை கிடைத்தால் அது பாஸ்பேட்தானா என்று கேட்க, பாஸ்பேட்டை நீக்கும் நொதியான லாம்டா பாஸ்பேட்டேஸ் கொண்ட கட்டுப்பாடு அவசியம். ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் நொதியைச் சேர்க்கிறோம். பட்டை அங்கே மறைய வேண்டும். இந்த நொதிக்கு மாங்கனீசு தேவை என்பதால், சாற்றில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. அல்லது பாஸ்பேட்டேஸ் தடுப்பிகள் இருந்தால் கட்டுப்பாடு பொய்யாகத் தோற்கும். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தனிப் பட்டையாகப் பிரிக்கும் பாஸ்-டாக் ஜெல்லுக்கும் இதே எச்சரிக்கை: இ.டி.டி.ஏ. அதிலுள்ள உலோக அயனியைப் பறித்துவிட்டால் பட்டை பிரியாது. ஆன்டிபாடியே கிடைக்காத புரதத்துக்கு, நேரத்தை ஜெல்லில் செலவழிக்காமல் நேராக நிறை நிறமாலைமானிக்குப் போவதே மேல்.

அறிகுறி: பாஸ்போ-செறிவூட்டல் செய்தும் பாஸ்போ-பெப்டைடுகள் கிடைக்கவில்லை

பாஸ்பேட் ஏறிய பெப்டைடுகளை மட்டும் பிடித்துத் திரட்டுவதே செறிவூட்டல்; அது தோற்றால் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். சாம்பிள் எடுத்த விதம் முதலாவது: உயிரினத்தைப் பிடித்து, கையாண்டு, அறுத்த சில நிமிடங்களில் பாஸ்பேட்டுகள் இறங்கவும் செய்யும், மன அழுத்தச் சமிக்ஞைக்குரியவை புதிதாக ஏறவும் செய்யும். களத்திலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்காத சாம்பிளில் எந்தச் செறிவூட்டலும் பழைய நிலையைத் திருப்பித் தராது. இரண்டாவது, அளவு: சில நூறு மைக்ரோகிராம் முதல் சில மில்லிகிராம் வரை பெப்டைடு தேவைப்படும் வேலையை ஒரே ஒரு சிறு பூச்சியின் உறுப்பில் எதிர்பார்ப்பது நியாயமல்ல, பல உயிர்களைச் சேர்த்தே தொடங்க வேண்டும். மூன்றாவது, போட்டி. சாற்றில் சேர்த்த பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் பாஸ்பேட் இடையகமும் சுத்தம் செய்யப்படாமல் வந்தால் டைட்டானியம் டை ஆக்சைடு மணிகளில் அவை இடம் பிடித்துக்கொள்ளும். அமிலத்தன்மையுள்ள பெப்டைடுகளும் சியாலிக் அமிலம் கொண்ட சர்க்கரைப் பெப்டைடுகளும் கூட ஒட்டும். கரைசலில் லாக்டிக் அமிலமோ கிளைக்காலிக் அமிலமோ சேர்ப்பது அமிலப் பெப்டைடுகளை விலக்கத்தான்.

பாக்டீரியாக்களில் ஆய்வு செய்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: ஹிஸ்டிடின் மேல் ஏறும் பாஸ்பேட் அமிலத்தில் நிற்காது. வழக்கமான அமிலச் செறிவூட்டலில் அது கிடைக்கவில்லை என்பதை, அது அந்த உயிரினத்தில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

அறிகுறி: மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைக்கின்றன

மகிழ்ச்சி தரும் அறிகுறி இது; அதிகம் அஞ்ச வேண்டியதும் இதுதான். 2017இல் எம்.எஸ்.ஃபிராகர் என்னும் தேடல் மென்பொருள் வந்த பிறகு, எந்த நிறை வேறுபாட்டையும் ஏற்கும் திறந்த தேடல் எளிதாகிவிட்டது. அதை மாதிரி உயிரி அல்லாத ஒன்றில் ஓட்டினால், மெத்திலேற்றமும் ஆக்சிஜனேற்றமும் அசெட்டைலேற்றமும் கொட்டும். அவற்றில் எத்தனை உண்மையில் மாற்றம், எத்தனை தரவுத்தளத்துக்கும் உயிரினத்துக்கும் இடையிலுள்ள வரிசை வேறுபாடு என்பதை மென்பொருள் சொல்லாது, ஏனென்றால் நிறையில் அவை ஒன்றே.

கிளைசின் இருந்த இடத்தில் அலனின் வந்தால் நிறை 14.0157 டால்டன் கூடும். ஒரு மெத்தில் ஏறினாலும் அதே 14.0157. செரின் திரியோனினாவதும், வாலின் லியூசினாவதும், அஸ்பார்ட்டிக் அமிலம் குளூட்டமிக் அமிலமாவதும் அதே எண்தான். அலனின் செரினாவதும் ஃபீனைல்அலனின் டைரோசினாவதும் ஆக்சிஜன் ஏறியது போல 15.9949 காட்டும். செரின் குளூட்டமிக் அமிலமானால் 42.0106, அது அசெட்டைல் என்று வேடம் போடும். கிளைசின் வாலினானால் 42.0470, அது டிரைமெத்தில் என்று. அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமானால் 0.9840, அமைடு நீங்கிய அதே எண். நெருங்கிய இனங்களுக்கிடையே அதிகம் நடக்கும் மாற்றீடுகளே இவற்றில் பல என்பதுதான் நிலைமையை மோசமாக்குகிறது.

பிரித்தறிய ஒரு எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். தரவுத்தளத்தில் ஒரு பெப்டைடு ‘கிளைசின்–லைசின்’ என்று முடிகிறது. உங்கள் நிறமாலையில் அதன் மொத்த நிறை 14.0157 கூடியிருக்கிறது, மென்பொருள் அதை மெத்தில்-லைசின் என்று எழுதுகிறது. கருவி பெப்டைடை உடைத்துத் தரும் துண்டு அயனிகளில், அதன் கடைசி முனையிலிருந்து எண்ணப்படும் ஒய்-அயனிகளில் முதலாவதைத் தேடுங்கள். அது 161.13இல் இருந்தால் கூடுதல் நிறை லைசின் மேல்தான் இருக்கிறது. அது 147.11இல் இருந்து, இரண்டாவது ஒய்-அயனி 204.13க்குப் பதில் 218.15இல் இருந்தால், லைசின் வெறும் லைசினே; கூடுதல் நிறை கிளைசின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அங்கே இருப்பது மெத்தில் அல்ல, அலனின். அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. வரிசைகளை அதே இடத்தில் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அலனினுக்கான குறியன் அங்கேயே கிடக்கும். அதைத் தொகுப்பிலிருந்து நீக்கியது முன்னர் சொன்ன 95 சதவீதக் கொத்தாக்கலாகவும் இருக்கலாம்.

லைசின் மாற்றங்களுக்கு இன்னொரு எளிய அளவுகோல் உண்டு. டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். அசெட்டைல் ஏறிய லைசினுக்குப் பின்னால் வெட்டாது. ஆகவே பெப்டைடின் கடைசி அமினோ அமிலம் அசெட்டைல்-லைசின் என்று முடிவு வந்தால், அது புரதத்தின் முனையாக இல்லாத வரை, அதை நம்ப வேண்டாம். 126.0913இல் அசெட்டைல்-லைசினுக்குரிய அயனி தெரிகிறதா என்றும் பார்க்கலாம். அசெட்டைலுக்கும் டிரைமெத்திலுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.0364 டால்டன், 1500 டால்டன் பெப்டைடில் அது பத்து இலட்சத்தில் 24 பங்கு. துல்லியமான கருவிக்கு இது எளிது. தேடலின் நிறைப் பொறுதியைத் தாராளமாக விட்டிருந்தால்தான் தொல்லை.

மேசை மேல் நாமே ஏற்றிய மாற்றங்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. யூரியா கரைசலைச் சூடாக்கினால் 43.0058 டால்டன் கூடும் கார்பமைலேற்றம் நடக்கும். அஸ்பராஜினுக்கு அடுத்துக் கிளைசின் வரும் இடங்களில், இரவு முழுவதும் நடக்கும் டிரிப்சின் வெட்டிலேயே அமைடு தானாக நீங்கும். சிஸ்டீனை மூடுவதற்குச் சேர்க்கும் அயோடோஅசெட்டமைடு மிகையாகி ஒரே லைசின் மேல் இரண்டு முறை ஏறினால் 114.0429 கூடும், யூபிக்விடின் விட்டுச்செல்லும் இரு கிளைசின் அடையாளத்தின் நிறையும் அணு அணுவாக அதுவே. யூபிக்விடின் தேடுபவர் குளோரோஅசெட்டமைடுக்கு மாறிக்கொள்வது நல்லது.

இத்தனையும் கடந்து நிற்கும் இடங்களுக்கு மாற்ற வகை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிழை விகிதம் கணக்கிடுங்கள். எல்லாப் பெப்டைடுகளுக்கும் சேர்த்து 1 சதவீதம் என்பது, எண்ணிக்கையில் அரிதான மாற்றத்துக்குள் மிகப் பெரிய சதவீதத்தை ஒளித்து வைக்கும். கட்டுரையின் மையமாக அமையப் போகும் ஓரிரு இடங்களுக்காவது, செயற்கையாகச் செய்த அதே பெப்டைடை வாங்கி ஓட்டி, துண்டு அயனிகளையும் வெளிவரும் நேரத்தையும் ஒப்பிட வேண்டும். மாற்றத்துடன் ஒன்றும், சந்தேகப்படும் வரிசை வேறுபாட்டுடன் ஒன்றும் என இரண்டு பெப்டைடுகள் வாங்குவது செலவைக் கூட்டினாலும் வழக்கை முடித்துவிடும்.

அறிகுறி: பி.என்.ஜி.ஏஸ் எஃப் சேர்த்தும் சர்க்கரைப் புரதத்தின் பட்டை இறங்கவில்லை

பி.என்.ஜி.ஏஸ் எஃப், புரதத்திலிருந்து சர்க்கரைச் சங்கிலியை வெட்டி எடுக்கும் நொதி. செடிகளிலும் பூச்சிகளிலும் சர்க்கரைச் சங்கிலியின் அடியில் ஆல்ஃபா-1,3 இணைப்பில் ஃபியூகோஸ் இருக்கக்கூடும், இருந்தால் பி.என்.ஜி.ஏஸ் எஃப் அதை வெட்டாது. பி.என்.ஜி.ஏஸ் ஏ வெட்டும், ஆனால் முழுப் புரதத்தில் அது மந்தம். முதலில் பெப்டைடுகளாக வெட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். சர்க்கரை நீங்கிய இடத்தில் 0.9840 கூடுவதைச் சான்றாகக் காட்டும்போது, நொதி சேர்க்காத கட்டுப்பாட்டையும் ஓட்டாவிட்டால், தானாக நீங்கிய அமைடும் அதில் கலந்துவிடும்.

அறிகுறி: இரண்டு நிலைகளுக்கு இடையே மாற்றத்தின் அளவு கூடியதாகத் தெரிகிறது, ஆனால் உயிரியல் பொருள் விளங்கவில்லை

பாஸ்போ-பெப்டைடு இரு மடங்கானது என்றால், அந்தப் புரதமே இரு மடங்காகியிருக்கலாம். செறிவூட்டாத சாம்பிளில் அதே புரதத்தின் அளவை அளந்து வகுத்த பிறகே மாற்றத்தைப் பற்றிப் பேச முடியும். மரபணு இரட்டிப்புகள் நிறைந்த மீன்களிலும் பல செடிகளிலும், ஒரு பெப்டைடு இரண்டு மூன்று ஒத்த புரதங்களுக்குப் பொதுவாக இருக்கும். அங்கே எந்தப் புரதத்தைக் கொண்டு வகுப்பது என்பதே தீராத கேள்வி என்பதால், ஒரே புரதத்துக்கு மட்டும் உரிய பெப்டைடுகள் இல்லாத இடங்களை அளவு ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவதே நேர்மை.

புரதங்களுக்கு நாம் இடும் பணிப் பெயர்கள் எல்லாம் மனிதப் புரதங்களின் நெருங்கிய பொருத்தத்திலிருந்து இரவல் வாங்கியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பணி மிகைப்பட்டிருக்கிறது என்ற சோதனையில், பின்னணிப் பட்டியலாக மனிதனின் எல்லா மரபணுக்களையும் கொடுத்தால், எந்த உயிரினத்தைக் கொண்டுவந்தாலும் ரைபோசோமும் வளர்சிதை மாற்றமுமே முதலிடம் பெறும். அவைதான் உறவுள்ள இனங்களில் எளிதில் அடையாளம் காணப்படுபவை. இந்த ஆய்வில் நீங்கள் உண்மையில் கண்டறிந்த புரதங்களின் பட்டியலைப் பின்னணியாகக் கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள். முதல் முறை ஒளிர்ந்த பணிகளில் பல அப்போது மறைந்துபோகும். மிச்சமிருப்பவற்றிலிருந்து ஒவ்வொன்றின் நிறமாலையையும் திறந்து, மேலே சொன்ன ஒய்-அயனிச் சோதனையைக் கையால் செய்து பார்த்துவிட்டு அட்டவணையில் ஏற்றுங்கள்.